சந்துருவுக்கு, கொலோன் விலாசத்துக்கு

அன்புள்ள சந்துரு,

இத்தனை மாதம் பதில் போடாமல் இருந்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றதெல்லாம் பத்மா சொல்லியிருப்பாள்.

அவள்தான் சொன்னாள், நீ ஒரு பரோக் குழுவில், அதாவது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையை வாசிக்கும் குழுவில், சேர்ந்துவிட்டாயாம். இத்தாலிய இசையமைப்பாளர் கொரெல்லியின் கிறிஸ்துமஸ் கான்செர்ட்டோ, இரண்டாவது வயலின். கேட்டு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 1954இல் கப்பெல்லா கொலோனியென்சிஸ், 1973இல் ராய்ன்ஹார்ட் கோபெலின் மூசிக்கா ஆன்டிக்குவா என்று இரண்டு குழுக்கள் பழைய வாத்தியங்களைத் திரும்ப மேடையேற்றிய ஊர்டா அது. அங்கே போயும் எஃகுத் தந்தி வயலினோடு ஒத்திகைக்குப் போகிறாய் என்றாளே, அதுதான் பொறுக்கவில்லை. பிடி, இந்தக் கடிதத்தை.

தந்திக்கு முன்னால் வில்லை மாற்று. உன்னிடம் இருப்பது 1780களில் பாரிஸில் வில் செய்பவரான தூர்த் உருவாக்கிய வடிவம். குச்சி முடியை நோக்கி உள்வளைந்து, அடியிலிருந்து நுனி வரை ஒரே பலத்தோடு இழுக்க வசதியானது. பரோக் வில்லின் குச்சி வெளிப்பக்கம் வளைந்தது, நுனி லேசானது. அதனால் இழுக்கும்போது நாதம் அழுத்தமாகத் தொடங்கித் தானாக மெலியும். தள்ளும்போது மெலிவாகவே வரும். அந்தக் காலத்துத் தாளம் முழுக்க இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. எல்லா சுரத்தையும் சமமாக நீட்ட முயன்றால் வில் எதிர்க்கும், நீ கையை அழுத்துவாய், சத்தம் கரகரக்கும். வாத்தியார் "மாவு அரைக்காதே" என்பாரே, அதேதான். எல்லா சுரத்தையும் நடுக்கவும் செய்யாதே. தீராத காய்ச்சல் கண்டவர்கள்போல ஒவ்வொரு சுரத்திலும் நடுங்குகிறவர்களை மொட்சார்ட்டின் அப்பா 1756இலேயே தன் வயலின் பாடநூலில் கண்டித்திருக்கிறார். கமகம் தெரிந்த உனக்கு அலங்காரத்தை எங்கே வைக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று சொல்லித் தரவேண்டுமா?

அடுத்தது தந்தி. ஈ, ஏ, டி மூன்றும் வெறும் ஆட்டுக்குடல் நரம்பு, ஜி மட்டும் வெள்ளிக் கம்பி சுற்றிய நரம்பு. பருமன் ஏறக்குறைய ஈ-க்கு 0.62 மில்லிமீட்டர், ஏ-க்கு 0.78, டி-க்கு 1.06 என்று ஆரம்பி. உன் எஃகு ஈ 0.26தான் இருக்கும், அதனால் அதன் பள்ளத்தில் நரம்பு உட்காராது. குதிரையிலும் (தந்திகளைத் தாங்கி நிற்கும் பலகை), பிருடைக்குக் கீழே இருக்கும் மேட்டிலும் பள்ளத்தை அகலப்படுத்தி, வழவழப்பாக்கி, பென்சில் கரி தடவச் சொல். பள்ளத்தின் விளிம்பு கூராக இருந்தால் நரம்பு அங்கேதான் அறுபடும். வால்பக்கத்துச் சின்னத் திருகைக் கழற்றிவிடு, அதன் கொக்கியும் நரம்பை வெட்டும். தந்தியை ஒவ்வொன்றாகவே மாற்று. நாலையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் குதிரை சாயும், உள்ளே நிற்கும் குச்சியும் விழும். புதுத் தந்தி நிலைக்கச் சில நாள் ஆகும், ஆகவே கச்சேரிக்கு முந்தின நாள் மாற்றாதே. நாளாக ஆகப் பிசிறு கிளம்பும். அதைப் பிடுங்காமல் நகவெட்டியால் ஒட்ட வெட்டு. பிடுங்கினால் நீளமாக உரிந்துகொண்டு வரும். முன்பே இழுத்துப் பழக்கிய ஈ ஒன்று பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

இதெல்லாம் நமக்கும் அந்நியமில்லை. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்ற காலத்தில் ஈ தந்தியும் நரம்புதான். எஃகு ஈ பரவியது முதல் உலகப் போர் சமயத்தில்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். உன் காது பஞ்சமத்தைச் சுத்தமாகக் கேட்கும் காது. ஏ-யை ஹார்ப்சிகார்டிடம் (பியானோவுக்கு முந்தின விசைப்பலகை வாத்தியம்) வாங்கிக்கொண்டு மற்ற மூன்றையும் நீயாகவே சுத்த பஞ்சமத்தில் சேர்த்துவிடுவாய். அங்கேதான் இடறும். அரை சுரத்தை நூறாகப் பிரித்த அளவு சென்ட். சுத்த பஞ்சமம் 702. பரோக் குழுக்கள் அதிகம் கையாளும் வல்லொட்டி என்ற சுருதி சேர்க்கும் முறையில் எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்று பஞ்சமம் பஞ்சமமாக ஏறும் ஆறு பஞ்சமங்களும் 698தான். உன் வயலினின் மூன்று பஞ்சமங்களும் அந்த ஆறுக்குள் அடக்கம்.

ஏன் இந்த விட்டுக்கொடுப்பு? காந்தாரத்துக்காக. தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் 386. பியானோவில் அது 400, காதில் குத்தும். வல்லொட்டியில் ஜி-க்கு மேல் பி 392. கொரெல்லியின் கடைசிப் பகுதி, அந்தப் பாஸ்டொரேல், ஜி மேஜரில்தான் இருக்கிறது. நீ ஏ-யிலிருந்து சுத்த பஞ்சமமாக இரண்டு படி இறங்கினால் உன் ஜி ஹார்ப்சிகார்டைவிட எட்டு சென்ட் தாழ்ந்துவிடும். அதன்மேல் ஹார்ப்சிகார்டின் பி ஒலித்தால் மறுபடி அதே 400. பழைய வாத்தியம், பழைய வில் என்று இவ்வளவு பாடுபட்டும் பியானோ காந்தாரம்தான் மிஞ்சும். அதனால் நாலு தந்தியையும் ஹார்ப்சிகார்டிடமே வாங்கு. ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லி ஒப்பிடு. பஞ்சமத்தில் மெல்லிய அலை கேட்கும், கேட்கட்டும். முதல் வாரம் உனக்குச் சகிக்காது. பாஸ்டொரேலில் எல்லோரும் ஜி மேஜரில் வந்து நிற்கும்போது அந்த இனிப்பு புரியும். தம்புராவோடு வளர்ந்த நீ அதை அந்தக் குழுவில் யாருக்கும் முன்னால் கேட்பாய், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும் உடனே விசாரித்து எழுது. ஏ-யின் சுருதி அவர்களுக்கு 415 ஹெர்ட்ஸா, அதைவிடத் தாழ்ந்த 392ஆ? 415 என்றால் மேலே சொன்ன பருமனே போதும். 392 என்றால் தந்தி தொளதொளக்கும், ஒரு படி தடிமனாக வாங்க வேண்டியிருக்கும். பதில் வரும்வரை கடைப்பக்கம் போகாதே.

பத்மாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
ரகு