பீரங்கிக்குப் பின்னால் நின்றவர்

ராக்வில், மேரிலாந்து
18-1-2025

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் அனுப்பிய வேப்பம்பூவும் சுண்டைக்காய் வற்றலும் கெடாமல் வந்துசேர்ந்தன. கடலைமிட்டாய் மட்டும் தூளாகிவிட்டது. அதையும் கரண்டியால் அள்ளித் தின்றேன். இங்கே நாலு நாளாகப் பனி. உசிலம்பட்டி வெயிலைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து வைத்து அனுபவிக்கிறேன்.

வேலைக்கு ரயிலில் போகிறேன். வழியில் மெடிக்கல் சென்டர் என்றொரு நிலையம்; பக்கத்திலேயே வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை. அங்கே கால் இழந்தவர் யாராவது ஏறினால் உடனே எழுந்து இடம் கொடுக்கிறார்கள். கை கால் முழுசாக இருந்து, கறுப்புக் கண்ணாடியும் காதடைப்பானுமாகக் கதவோரம் நிற்பவரை ஒருவரும் கவனிப்பதில்லை. எனக்குச் சித்தப்பா நினைவு வந்துவிடும்.

என் வேலை இதுதான்: இறந்தவர்களின் மூளைத் திசுவை வெற்றிலையைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் ஒட்டுவது. "பிணம் அறுக்கவா கடல் தாண்டிப் போனாய்?" என்று அப்பத்தா கேட்டது ஏறக்குறைய சரிதான்.

நம் ஊரில் கிணற்றுக்கு வேட்டு வைக்கும்போது, கல் வந்து விழாத வீட்டிலும் அடுக்குப்பானை அதிருமே, போரில் குண்டு வெடிக்கும்போது மூளைக்கும் அதேதான் சங்கதி. வெடித்ததும் காற்றழுத்தம் ஓர் அலையாக வந்து மண்டைக்குள் புகுந்து போகிறது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. முதல் உலகப் போரில், 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் இதை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி, என்று எழுதினார். ஆனாலும் நடுங்கிய வீரர்களைக் கோழை என்று சொன்னவர்களுக்குக் குறைவில்லை. நூறு வருடம் கழித்து, 2016இல், இதே மேரிலாந்தில் டேனியல் பெர்ல் குழுவினர், குண்டுவெடிப்பில் சிக்கிய வீரர்களின் மூளைகளை அவர்கள் இறந்தபின் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் ஓரத்திலும், ரத்தக் குழாய்களைச் சுற்றியும் தழும்பு இருந்தது.

அவர்கள் குண்டுக்கு எதிரே இருந்தவர்கள். சித்தப்பா பீரங்கிக்குப் பின்னால் நின்றவர். 'சுட்டவனுக்கு என்ன வலி?' என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2017இல் சிரியாவின் ரக்காவில் அமெரிக்கப் பீரங்கிப் பிரிவு ஒன்று ஐந்து மாதத்தில் 35,000 குண்டுகள் சுட்டது. எதிரி நெருங்கவேயில்லை. ஆனால் ஊர் திரும்பிய சிலருக்குத் தலைவலி, தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத கோபம். இப்போது வீரர்களின் தலைக்கவசத்திலும் தோளிலும் சின்ன அளவுமானி மாட்டி, ஒவ்வொரு வெடிக்கும் எவ்வளவு அழுத்தம் என்று கணக்கெடுக்கிறார்கள். சொந்தப் பீரங்கி எவ்வளவு கெடுக்கும் என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால் சித்தப்பாவுக்கு இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் 1999 கார்கிலில் அவர் எத்தனை நாள் அந்த 155 மில்லிமீட்டர் பீரங்கியோடு நின்றார் என்று நாம் யாராவது ஒருநாள் கேட்டோமா? 'பட்டாளத்துத் திமிர்' என்றோம், குடி என்றோம். திருவிழா வேட்டுக்கு மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்தவரைப் பார்த்துச் சிரித்தோம். அந்தத் தீபாவளிக்கு அவர் நாற்காலிக்கு அடியில் லட்சுமி வெடி வைத்தது தம்பியில்லை சித்தி, நான்தான். அவர் என்னை அறைந்தார். மூன்று வருடம் நான் அவரோடு பேசவில்லை. அவன் வாங்கிய திட்டுக்கு அவனிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒரு காரியம் செய்யுங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையோடு அவரை மதுரைக்கு அழைத்துப் போய், "பீரங்கிப் படையில் இருந்தவர், கார்கிலில் இத்தனை நாள் சுட்டார்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தானாகச் சொல்ல மாட்டார். காது கேட்கும் பரிசோதனையும் தூக்கமும் தலைவலியும் முதலில் பார்க்கட்டும்; இவற்றுக்கு வைத்தியம் உண்டு. மூளை அடியை ரத்தத்தில் கண்டறியும் சோதனை ஒன்று 2018இல் இங்கே அனுமதி பெற்றது, ஆனால் அது அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது. யாராவது ஆசை காட்டினால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அவரிடம் நானே பேசலாம் என்றுதான் இருக்கிறேன். தொலைபேசியில் இடதுபக்கம் சரியாகக் கேட்காது என்று சொன்னீர்களே, வலது காதில் வைத்துக் கொடுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அழைக்கிறேன்.

எருமை ஈன்றதா?

அன்புடன்,
உங்கள் மகள்