மார்கரெட் போஃபர்ட்டுக்காக ஒரு வக்காலத்து

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலிக்கு மருந்து மாற்றியிருப்பதாக எழுதியிருக்கிறாய். மாடிப்படி ஏறுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள், சொன்னால் கேட்கமாட்டாய். இங்கே எல்லோரும் சுகம். பேத்திக்குப் பள்ளி திறந்துவிட்டது, பகல் முழுக்க வீடு என் வசம். அதனால் இந்தக் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் அம்மா மார்கரெட் போஃபர்ட்டை, ஜெபமாலையும் கையுமாக இருந்துகொண்டே கழுத்தை அறுக்கிறவள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்திலேயே தேய்ந்தவள் நான். அவள் கதையை நிலமும் கையெழுத்துமாகத்தான் என்னால் படிக்க முடிகிறது.

1443-இல் பிறந்தாள். ஒரு வயது நிறைவதற்குள் அப்பா சாமர்செட் பிரபு போய்ச் சேர்ந்தார். அத்தனை நிலத்துக்கும் அந்தக் கைக்குழந்தைதான் வாரிசு. அந்தக் கால இங்கிலாந்தில் இப்படிப்பட்ட குழந்தையையும் அதன் நிலத்தையும் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் உரிமை மன்னர் கைக்குப் போகும், அவர் அதை வேண்டியவருக்குக் கொடுப்பார், விற்கவும் செய்வார். சஃபோக் பிரபு வாங்கித் தன் மகனுக்கே கட்டிவைத்தார். அந்தக் கல்யாணம் 1453-இல் ரத்தானது. 1455-இல், பன்னிரண்டு வயதில், எட்மண்ட் டியூடருக்கு மனைவியானாள். அவளைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவன். பெண் பெரியவளாகட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. உயிரோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், மனைவி செத்தாலும் அவள் நிலத்து வருமானம் ஆயுள் முழுக்கக் கணவனுக்கு என்பது சட்டம். அவசரத்துக்கு வேறு காரணம் தேட வேண்டுமா, சொல். அனுபவிக்க அவனுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. 1456 நவம்பரில் கொள்ளைநோயில் இறந்தான். 1457 ஜனவரியில் பெம்புரோக் கோட்டையில் ஹென்றி பிறந்தான். தாய்க்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு இரண்டு கல்யாணம் செய்தும் அவளுக்கு வேறு குழந்தை இல்லை.

மகன் கதையும் அதே கதைதான். அரியணைக்காக இவர்கள் பக்கத்தோடு மோதிய யார்க் கட்சி ஜெயித்ததும் அவன் காப்பாளர் உரிமையை வில்லியம் ஹெர்பர்ட் 1,000 பவுண்டுக்கு வாங்கினார். 1471-இல் பையன் சித்தப்பா ஜாஸ்பரோடு கடல் தாண்டி, இன்றைய பிரான்ஸில் இருக்கும் பிரிட்டனிக்குத் தப்பிப்போனான். பதினான்கு வருஷம் தாய் மகன் முகத்தைப் பார்க்கவில்லை.

1483-இல் மன்னர் மூன்றாம் ரிச்சர்டுக்கு எதிராகச் சதி செய்தாள், உண்மைதான். தன் வைத்தியரை, முந்தைய மன்னர் நான்காம் எட்வர்டின் விதவை எலிசபெத் உட்வில்லையும் பார்க்கப்போகிறவர் என்பதால், தூதாக வைத்து, தன் மகனுக்கு அவள் மகளைப் பேசி முடித்தாள். கிளர்ச்சி தோற்றது. ரிச்சர்ட் மார்கரெட்டின் தலையை எடுக்கவில்லை, சொத்தைப் பறித்து அவள் கணவர் ஸ்டான்லி கையில் கொடுத்தார். ராஜதுரோகத்துக்கு இந்தத் தண்டனை ரொம்பக் குறைவு. ஸ்டான்லியைப் பகைத்துக்கொள்ள ரிச்சர்டுக்குத் துணிச்சல் இல்லை என்று நினைக்கிறேன். அந்த ஸ்டான்லியோ 1485-இல் பாஸ்வர்த் களத்தில் படையை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவர் தம்பி வில்லியம்தான் பாய்ந்து ஹென்றியைக் காப்பாற்றினான். ரிச்சர்ட் செத்தார், ஹென்றி மன்னரானான்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அதே வருஷம் கூடிய பாராளுமன்றம், கணவர் உயிரோடு இருக்கும்போதே, மார்கரெட்டைச் சட்டப்படி தனிப்பெண் என்று அறிவித்தது. கணவர் சம்மதம் இல்லாமல் நிலம் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம். அன்றைக்கு ஒரு பிரபுவின் மனைவிக்கு இது கனவிலும் கிடைக்காதது. காலிவெஸ்டனில் தனி அரண்மனை, அங்கே சுற்றுவட்டார வழக்குகளை விசாரிக்க ஒரு சபை. கேம்பிரிட்ஜில் 1505-இல் கிறைஸ்ட்ஸ் கல்லூரி, அவள் இறந்தபின் 1511-இல் செயின்ட் ஜான்ஸ். எல்லாம் அவள் காசு. ‘மார்கரெட் ஆர்’ என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். அந்த ‘ஆர்’ அவள் பட்டப்பெயரான ரிச்மண்டா, ராணியா என்று இன்றுவரை சண்டை. இரண்டுக்கும் இடம் வைத்துத்தான் போட்டிருப்பாள், கெட்டிக்காரி.

1498-இல் பேத்தியை ஸ்காட்லாந்து அரசருக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. பெண்ணுக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. இப்போதே அனுப்பினால் மாப்பிள்ளை காத்திருக்கமாட்டார், குழந்தைக்கு ஆபத்து என்று தன் தாயும் மனைவியும் பயப்படுவதாக ஹென்றியே சொன்னதை ஸ்பானியத் தூதர் எழுதிவைத்திருக்கிறார். பெண் 1503-இல்தான் போனாள். ராஜி, பதின்மூன்று வயதில் பட்டதை அந்தக் கிழவி வாய்விட்டுச் சொன்ன இடமாக எனக்குத் தெரிவது இது ஒன்றுதான்.

லண்டன் கோபுரக் கோட்டையில் காணாமல்போன எலிசபெத் உட்வில்லின் இரண்டு பிள்ளைகளை அவள்தான் கொன்றாள் என்கிறாயே, அந்தக் காலத்தவர் விரல் நீட்டியது ரிச்சர்டை நோக்கித்தான். இவள் பேர் அதில் நுழைந்தது நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து. திட்டியே ஆகவேண்டுமென்றால் வேறொன்றுக்குத் திட்டு. அவள் பிறக்கும் முன்பே பிணைக்கைதியாக ஒப்படைக்கப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் மீட்புப் பணத்தில் பாக்கி இருந்தது. ஆள் செத்து எத்தனையோ வருஷம் ஆனபிறகும், மகனை ஏவி, பிரெஞ்சு அரசரிடம் அதைக் கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

அன்புடன்,
சரசு