விளம்பரத்தில் எதை விடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல விளம்பரம் என்பது திறமைசாலி ஒருவரின் மனத்தில் நொடிப்பொழுதில் உதிக்கும் வாசகம் என்ற எண்ணம், விளம்பரத் துறை குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை முழுவதும் இழையோடியிருந்தது. பல ஆண்டுகளாக விளம்பர வாசகம் எழுதிவருபவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. வாசகத்தை எழுதுவதற்குப் பெரும்பாலும் ஒரு பிற்பகல் போதும். சொல்ல வேண்டிய அந்த ஒன்று எது என்று கண்டறியவும், மற்றவற்றை விட்டுவிடச் சம்பந்தப்பட்ட எல்லோரையும் இணங்கவைக்கவும்தான் வாரங்கள் ஆகின்றன.

1993இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பால் விற்பனைக்காக நடந்த பிரச்சாரம் இதற்கு நல்ல சான்று. பால் உடலுக்கு நல்லது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லியும் விற்பனை சரிந்துகொண்டேயிருந்தது. அப்போது விளம்பர நிறுவனத்தினர், நுகர்வோரின் கருத்தை அறிய நடத்தும் குழு உரையாடலுக்கு வரவிருந்தவர்களை ஒரு வாரம் பாலைத் தொடாமல் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். வந்தவர்கள் சத்தைப் பற்றிப் பேசவில்லை. காலை உணவைக் கிண்ணத்தில் கொட்டிய பிறகு வீட்டில் பால் இல்லை என்று உணர்ந்த கணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். ‘பால் இருக்கிறதா?’ என்று கேட்கும் இரண்டே சொற்களின் பின்னால் நின்றது அந்த ஒரு வாரம்.

1959இல் வந்த ஃபோக்ஸ்வாகன் விளம்பரமும் அப்படித்தான். பெரிய காரே பெருமை என்றிருந்த சந்தையில், பக்கத்தின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, ஒரு மூலையில் சின்னஞ்சிறு காரை நிறுத்தி, ‘சிறியதாக நினையுங்கள்’ என்றார்கள். குறையாகக் கருதப்பட்டதையே சொல்லவேண்டிய செய்தியாக எடுத்துக்கொண்டதும், அந்த வெற்றிடத்தை யாரும் நிரப்பாமல் விட்டதும் எனக்கு ஒரே அளவில் வியப்பளிக்கின்றன. வாசகம் எழுதுபவரையும் ஓவியக் கலைஞரையும் தனித்தனி அறைகளில் வைக்காமல் சேர்ந்து சிந்திக்கவைத்த வில்லியம் பெர்ன்பாக்கின் நிறுவனத்தில் உருவானது அது. சொல்லும் படமும் அங்கே ஒன்றையொன்று திரும்பச் சொல்வதில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இரத்த தானத்துக்கான பிரச்சாரம் ஒன்றை வடிவமைக்கும் பணி எங்களுக்கு வந்தது. விளம்பரம் கேட்பவர் தம் தேவைகளை எழுதித் தரும், ‘பிரீஃப்’ என்று நாங்கள் அழைக்கும் தாளில் ஒன்பது செய்திகள் இருந்தன. ஊசியைக் கண்டு மக்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தைப் போக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். ஒருமுறைகூட இரத்தம் தராதவர்களைத் தேடிச் சென்று பேசினோம். பயத்தைச் சொன்னவர்கள் சிலரே. ‘என்னை யாரும் கேட்டதில்லையே’ என்று சொன்னவர்கள்தான் பலர். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு வாசகத்தைத் தேடும் வேலையே இருக்கவில்லை: ‘உங்களைத்தான் கேட்கிறோம்.’ வெள்ளைத் தாள், இந்த ஒரு வரி, கீழே ஒரு தொலைபேசி எண். இதற்குமுன் நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகளை எழுதிக் கிழித்திருந்தோம்.

அச்சுக்குப் போகும்போது அதில் ஆறு இலச்சினைகளும், பொறுப்பாளர்கள் மூவரின் படங்களும், தானத்தின் நன்மைகள் பற்றிய பட்டியலும் சேர்ந்துவிட்டன. யாரிடமும் தீய எண்ணம் இல்லை. ஒவ்வொருவரும் முக்கியமென்று கருதிய ஒன்றைத்தான் சேர்த்தார்கள். ஆனால் வாசகரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்ட அந்தக் குரல் கூட்டத்தில் அமுங்கிப்போனது. இன்றும் அது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் அந்த வரி என்னுடையது அல்ல. கேட்கப்படாமலே இருந்த அந்த மனிதர்களுடையது.

ஆகவே, விளம்பரம் செய்ய வருவோரிடம் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். எங்களிடம் வருவதற்கு முன், இதைப் பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். வடிவமைப்பு கைக்கு வந்ததும், புதிதாக ஒன்றைச் சேர்க்க விரும்பினால், அந்த வாக்கியத்துக்கு அது உதவுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்படிக்கு,
விளம்பர வாசக எழுத்தாளர் ஒருவர்