பழைய எண், புதிய எண்: வெஸ்டாவின் படங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

நாசாவின் டான் விண்கலத்தின் அறிவியல் குழுவினருக்கும், சர்வதேச வானியல் ஒன்றியத்தில் கோள்களுக்குத் தீர்க்கக்கோடு வகுக்கும் பணிக்குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்னையில் ஒரு வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் பல நேரம் முகவரியில் இரண்டு எண்களை எழுதுவார்கள். பழைய எண் 14, புதிய எண் 31 என்பதுபோல. கதவு எண்கள் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் இந்த வழக்கம் போகவில்லை. பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் கடிதம் உரிய வீட்டுக்குப் போய்விடுகிறது. நீங்கள் இரு தரப்பினரும் வெஸ்டா என்ற சிறுகோளுக்கு ஆளுக்கொரு வகையில் எண் கொடுத்துவிட்டு, முகவரியில் மட்டும் ஒற்றை எண்ணையே எழுதிவருகிறீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2011 ஜூலையில் டான் வெஸ்டாவின் சுற்றுப்பாதையில் நுழைந்ததிலிருந்து 2012 செப்டம்பரில் அதை விட்டுக் கிளம்பியது வரை எடுத்த படங்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வெறும் 210 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்தவற்றில் ஒரு பிக்சல் 20 மீட்டர் அளவு. பெரிய தென்னந்தோப்பு அங்கே இருந்தால் தெரிந்திருக்கும். தெற்கே ஏறத்தாழ 500 கி.மீ. அகலத்துக்கு ரியாசில்வியா பள்ளம். அதன் நடுவில் 20 கி.மீ.க்கும் மேல் உயர்ந்து நிற்கும் மலை. அந்த மோதலின் அதிர்ச்சியில் நடுக்கோட்டை ஒட்டி இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் ஓடும் நீள வரிப்பள்ளங்கள். மார்சியா, கல்பூர்னியா, மினூசியா என்று மூன்று பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பனிமனிதன். மார்சியாவின் தரையில் அம்மைத் தழும்புபோல் சிறுசிறு குழிகள் நிறைந்திருக்கின்றன; மோதலின் வெப்பத்தில் பாறைக்குள் இருந்த நீர் முதலியவை ஆவியாகி வெளியேறிய தடம் அது என்று நீங்களே விளக்கினீர்கள். காய்ந்த கல் என்று எண்ணியிருந்த ஒன்றில் நீரின் சுவடு. ராஜஸ்தானின் பிப்லியா கலான் கிராமத்தில் 1996 ஜூனில் விழுந்த விண்கல் யூக்ரைட் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக் கற்கள் வெஸ்டாவிலிருந்து வந்தவை என்ற கருத்துக்கு டானின் அளவீடுகள் வலுச்சேர்த்தன. ஆக, எங்கள் நாட்டு மண்ணில் கிடைத்த கல்லின் பூர்வீகத்தையும் நீங்கள் படம் பிடித்திருக்கிறீர்கள்.

இனி குறைக்கு வருகிறேன். கடந்த கோடை விடுமுறையில் ஒரு கிளை நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக வெஸ்டாவின் நிலப்படம் ஒன்றைத் தமிழில் தயாரித்தேன். படம் டான் குழுவினுடையது. பெயர்களின் இடங்களை ஒன்றியம் ஏற்ற பட்டியலிலிருந்து எடுத்துக் குறித்தேன். தாளைச் சுவரில் மாட்டிய அரைமணி நேரத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, “சார், பனிமனிதன் இங்கே இருக்கிறான், அவன் பெயர் அங்கே இருக்கிறதே?” என்றாள். மார்சியா டான் குழுவின் கட்டுரைகளில் சுமார் 190 பாகை கிழக்கு. ஒன்றியத்தின் பட்டியலில் சுமார் 340. இடைவெளி 150 பாகை. வெஸ்டாவின் நடுக்கோட்டில் அது ஏறக்குறைய 740 கி.மீ.; சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலைவழி போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம். தவறு என்னுடையதுதான், சரிபார்க்காமல் ஒட்டியவன் நான். ஆனாலும் சரிபார்க்கப் போனபோது கிடைத்த கதை எனக்குச் சிரிப்பையும் எரிச்சலையும் ஒருசேரக் கொடுத்தது.

1807 மார்ச் 29 அன்று பிரெமன் நகரில் ஹைன்ரிஷ் ஓல்பர்ஸ் வெஸ்டாவைக் கண்டுபிடித்தார். பெயர் வைக்கும் உரிமையைக் கணித மேதை காஸுக்கு விட்டுக்கொடுத்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து ஹப்பிள் தொலைநோக்கி அதன் முகத்தை மங்கலாகக் காட்டியபோது, 200 கி.மீ. அகலமுள்ள ஒரு கருந்திட்டுக்கு ஓல்பர்ஸ் பெயர் வைக்கப்பட்டது. 1997இல் ஒன்றியம் அந்தத் திட்டின் நடுவே செல்லும் கோட்டை, பாகை எண்ணத் தொடங்கும் முதன்மைத் தீர்க்கக்கோடாக வகுத்தது. டான் கிட்டே போய்ப் பார்த்தால், கண்டுபிடித்தவரின் பெயரைத் தாங்கிய அந்தத் திட்டு அடையாளமே தெரியவில்லை! போதாக்குறைக்கு, முன்பு கணித்த துருவத்தின் இடமும் 10 பாகை தவறியிருந்தது. அதனால் பழைய கோடு ஆண்டுக்கு 0.06 பாகை வீதம் தரைமேல் நகர்ந்துகொண்டிருந்தது. நகரும் கோட்டை வைத்து எவர் நிலம் அளப்பது?

எனவே டான் குழு 700 மீட்டர் அகலமே உள்ள, விளிம்பு தெளிவான கிளாடியா என்ற பள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் மையத்திலிருந்து 4 பாகை தள்ளிப் புதிய தொடக்கக்கோட்டைப் போட்டது. அந்த 4 பாகைக்கும் காரணம் உண்டு. நிலப்படத்தை 15 கட்டங்களாகப் பிரிக்கும்போது முக்கியமான அமைப்புகள் எதுவும் இரண்டு தாள்களில் பாதி பாதியாகக் கிழிபடாமல் இருக்க வேண்டும். படம் வரைந்து பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒன்றியம் துருவத்தைத் திருத்தியதை ஏற்றது. கிளாடியாவை அளவுக்கல்லாக வைப்பதையும் ஏற்றது. தொடக்கக்கோட்டை மட்டும் ஏற்கவில்லை. பழைய ஓல்பர்ஸ் கோட்டோடு பொருந்தும்படி எல்லாவற்றையும் 150 பாகை சுழற்றி, கிளாடியாவின் இடம் 146 பாகை கிழக்கு என்று வகுத்தது. டான் கணக்கில் அதே பள்ளம் 356. நட்ட கல் ஒன்றேதான், அதன்மேல் இரண்டு எண்கள்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், அரைமனதோடு ஒன்றியத்தின் பக்கம் சாய்வேன். புதிதாக நில அளவைச் சங்கிலி பிடிக்க வந்தவர், தமக்கு வசதி என்பதற்காகப் பழைய கணக்குகளை எல்லாம் புரட்டிவிடக்கூடாது என்ற விதி நல்ல விதிதான். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு திட்டின் மரியாதையைக் காப்பாற்ற, அங்கே போய் ஓராண்டுக்கு மேல் சுற்றிவந்தவர்களின் தாள்களைக் கலைத்ததும் எனக்கு உவப்பாக இல்லை. இதில் மானம் கலந்துவிட்டதோ என்ற ஐயமும் உண்டு. பூமியிலேயே அது நடந்திருக்கிறது. 1884இல் வாஷிங்டன் மாநாடு பூமியின் தொடக்கக்கோட்டுக்குக் கிரீனிச்சைத் தேர்ந்தெடுத்தபோது பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கியது. 1911இல் ஒருவழியாக இறங்கி வந்தபோதும் சட்டத்தில் கிரீனிச் என்ற சொல்லைத் தவிர்த்து, நாட்டின் நேரம் என்பது பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 வினாடி கழித்தது என்று எழுதிக்கொண்டது.

வழக்கைத் தீர்த்துவைக்கும்படி நான் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு உண்டு. சனிப்பெயர்ச்சி ஒன்றில் ஒரு நாள், மற்றதில் வேறொரு நாள். ஆனால் பஞ்சாங்கம் போடுகிறவர் தம்முடையது எந்தக் கணிதம் என்பதை மறைப்பதில்லை. வெஸ்டா படங்கள் பலவற்றின் விளக்கத்தில், படத்தின் மையம் இத்தனை பாகை வடக்கு, இத்தனை பாகை கிழக்கு என்று இருக்கிறது. எந்தக் கோட்டிலிருந்து கிழக்கு என்பதுதான் இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். பொது மக்களுக்காக வெளியிட்ட ஒவ்வொரு வெஸ்டா படத்தின் கீழும் இரண்டு எண்களையும் போடுங்கள்: கிளாடியா கணக்கில் இது, ஒன்றியத்தின் கணக்கில் இது. கூட்ட வேண்டியது 150; 360ஐத் தாண்டினால் 360ஐக் கழிக்க வேண்டும். அந்த மாணவி இதை விரல்விட்டுச் செய்துகாட்டினாள். ஒன்றியத்தின் பெயர்ப் பட்டியலிலும் வெஸ்டாவுக்கு மட்டும் இன்னொரு பத்தியைச் சேர்த்தால் போதும்.

இன்னொன்று. எரிபொருள் தீர்ந்து 2018இல் டானின் பணி முடிந்துவிட்டது. ஆனால் 2023 அக்டோபரில் புறப்பட்ட சைக்கி விண்கலம் தன் பெயரைக் கொண்ட சிறுகோளை 2029இல் சென்றடைய இருக்கிறது. அங்கும் தொலைவிலிருந்து பார்த்து வகுத்த கணக்கு ஒன்று இருக்கும். கிட்டே போனபின் அது பொருந்தாமல் போகலாம். டான் அடுத்துச் சென்ற சீரிஸ் என்ற குறுங்கோளில் கைட் என்ற சின்னஞ்சிறு பள்ளத்தை வைத்து டான் குழு வகுத்த கோட்டை ஒன்றியமும் ஏற்றுக்கொண்டதே, ஆகவே உங்களால் முடியாத காரியம் இல்லை. முதல் படம் வெளிவரும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நூலகச் சுவரில் இருக்கும் தாளில் இப்போது மார்சியாவின் பக்கத்தில் “ப. எண் 340, பு. எண் 190” என்று பிள்ளைகள் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்கள். எது பழையது, எது புதியது என்பதில் அவர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.

இப்படிக்கு,
வெஸ்டாவின் படங்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்