தன் பழைய சாண்டர் இல்லாமல் வந்த பைக்குழல்

கிளாஸ்கோ

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு ஒரு பழைய பைக்குழல்தான் காரணம். சென்ற மாதம் இங்கே ஓர் ஏலத்தில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹைலண்ட் பேக்பைப் ஒன்றை, அதாவது ஸ்காட்லாந்தின் பைக்குழலை, எடுத்தேன். மேற்கிந்தியத் தீவுகளின் கோகஸ் மரத்தில் கடைந்த மூன்று ஒத்துக்குழல்களும் அவற்றின் தந்தப் பூண்களும் பழுதின்றி இருக்கின்றன. விரல் வைத்து வாசிக்கும் சாண்டர் மட்டும் பிற்காலத்தது, ஆப்பிரிக்கக் கருமரத்தில் செய்தது.

முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. பழைய கருவிகளைச் சேர்க்கும் ஒருவரோடு பேசிய பிறகுதான், இது என் கருவிக்கு மட்டுமல்ல, பழைய பைக்குழல்கள் பலவற்றுக்கும் நேர்ந்த இழப்பு என்று புரிந்தது. கடந்த நூறாண்டுகளில் சாண்டரின் சுருதி ஏறிக்கொண்டே வந்து, இன்று அதன் ஆதார ஸ்வரம் 470 முதல் 480 ஹெர்ட்ஸ் வரை நிற்கிறது. ஒத்துக்குழலை அதன் நகரும் இணைப்பால் நீட்டியோ குறுக்கியோ புதிய சுருதிக்குக் கொண்டுவரலாம். துளைகள் நிலையாக அமைந்துவிட்ட சாண்டருக்கு அந்த வழியில்லை. ஆகவே வாசிப்பவர்கள் புதிய சாண்டரைப் பொருத்திக்கொண்டு பழையதை ஒதுக்கினார்கள். செய்தவர்கள் தம் பெயரைப் பெரும்பாலும் சாண்டரிலேயே குத்தியதால், குழலோடு பெயரும் தொலைந்தது. பூண் வெள்ளியாக இருந்திருந்தால், அதில் குத்தும் ஆண்டு முத்திரையெழுத்து செய்த ஆண்டையாவது சொல்லியிருக்கும். இப்போது கடைசல் வரிகளின் இடைவெளியைப் பார்த்தே பட்டறையை ஊகிக்கிறேன்.

எழுத்து இருந்தாலும் அப்படியே நம்பிவிட முடியாது. எடின்பரோவில் கருவிகள் செய்துவந்த கிளென் குடும்பத்தாரிடம் இருந்த பைக்குழல் ஒன்றில் 1409 என்ற ஆண்டு ரோமன் எண்களில் செதுக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் அதை மிகப் பழையது என்று எழுதிவந்தார்கள், பிற்கால ஆய்வாளர்கள் அந்த ஆண்டை ஏற்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, சாண்டர் பிழைத்த கதை ஒன்றும் உண்டு. அது என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. ஸ்காட்லாந்தின் கெயர்லாக் ஊரைச் சேர்ந்த பார்வையற்ற இசைஞர் இயன் டால் மக்காய் வாசித்த சாண்டரை, 1805இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் குடிபெயர்ந்த அவருடைய வழித்தோன்றல்கள் கடல் கடந்து எடுத்துச் சென்று, தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். இன்று அது இங்குள்ள தேசிய பைப்பிங் மையத்தின் காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கருவி செய்வோர் அதை அளந்து நகல் எடுத்து வாசிக்கவும் செய்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போய்ப் பார்க்கப் போகிறேன்.

நேரில் கொண்டுவந்து காட்டத்தான் ஆசை, ஆனால் தந்தம் தடுக்கிறது. பிரிட்டனுக்குள்ளேயே, 1975க்கு முன் செய்த, தந்தம் 20 விழுக்காட்டுக்கும் குறைவான இசைக்கருவிகளைத்தான் பதிவுசெய்து விற்கலாம். எல்லை தாண்டுவது அதைவிடக் கடினம்.

நேற்று சாண்டர் பொருத்தும் இடத்தைத் தக்கையால் அடைத்து, மூன்று ஒத்துகளுக்கும் நாணலில் செய்த சீவாளி போட்டு ஊதினேன். தாழ்ந்த சுருதியுள்ள பேஸ் ஒத்து உடனே பேசியது. மற்ற இரண்டு டெனர் ஒத்துகளில் ஒன்று மட்டும் இன்னும் நிலைகொள்ளவில்லை. அது சரியானதும் ஒலிப்பதிவு அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்