சன்ஸ்கிரீன் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் விளையாட்டு விழா ஒத்திகையின்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கழுத்தைச் சொறிந்துகொண்டே என் அறைக்கு வந்தாள். காலர் படும் இடம் தவிர கழுத்து முழுக்கச் சிவந்து, வேர்க்குரு போலப் பொடிப்பொடியாகத் தடித்திருந்தது. காலையில் அக்காவின் சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள். கழுவிவிட்டு நிழலில் உட்கார வைத்தோம். மறுநாள் மருத்துவர், அந்த கிரீமில் உள்ள ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, சன்ஸ்கிரீன்களில் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் மீதுதான் முதல் சந்தேகம் என்றாராம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

அடுத்த மாதம் பிள்ளைகளைப் பாம்பன் பக்கம் குருசடைத் தீவுக்கு அழைத்துப் போகிறோம். அதனால் இதைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

ஆக்ஸிபென்சோன் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் பொருள்தான். தோலைச் சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சூடாக மாற்றிவிடும். பூசினால் வெள்ளையாகத் தெரியாது, விலையும் கூடுதல் இல்லை. பல ஆண்டுகளாக உலகமெங்கும் இது புழக்கத்தில் இருப்பது அதனால்தான்.

சங்கடம் என்னவென்றால், அது தோலின் மேல் மட்டும் நிற்பதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 48 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒரே ஒரு தடவை பூசிய அன்றே அவர்கள் ரத்தத்தில் இது தெரிந்தது. ரத்தத்தில் இருப்பதாலேயே கெடுதல் என்று ஆகிவிடாது என்பதையும் அந்த அமைப்பே சொல்லியிருக்கிறது. மேலும் சோதிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நிலை. அங்கே இன்றும் 6 சதவீதம் வரை சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியமோ, உடம்பு முழுக்கப் பூசும் கிரீமுக்கு 2.2 சதவீதம் என்று குறைத்துவிட்டது. சில தோல்களுக்கு அரிப்பும் தடிப்பும் வருவது முன்பே தெரிந்த விஷயம். வளரும் பிள்ளைகள் விஷயத்தில், மாற்று இருக்கும்போது அதையே எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

கடலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. பவளப்பாறைகளுக்குக் கேடு என்று பசிபிக் கடலில் உள்ள தீவு நாடான பலாவ் 2020இலும், அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021இலும் இது கலந்த சன்ஸ்கிரீனை விற்கத் தடை போட்டன. பவளம் நிறமிழந்து வெளுத்து நலிவதற்குப் பெரிய காரணம் கடல் சூடாவதுதான். கிரீமின் பங்கு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் மன்னார் வளைகுடாவின் பவளத்தைப் பார்க்கப் போகும் நம் பிள்ளைகள், அந்தத் தண்ணீரில் இதைக் கரைத்துவிட்டு வர வேண்டாம்.

டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன் என்றோ, அதன் இன்னொரு பெயரான பென்சோபீனோன்-3 என்றோ இருந்தால் சுற்றுலாவுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதைத் தேடி வாங்குங்கள். முகத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு அடித்தது போலத் தெரியும், பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. முந்தின நாள் முழங்கையின் உட்புறம் துளி தடவிப் பாருங்கள். கையில் வேறு கிரீம் இல்லை, பிள்ளை நடு வெயிலில் நிற்க வேண்டும் என்றால் இருப்பதையே பூசுங்கள். தோல் வெந்துபோவதற்கு அது மேல்.

இன்னொன்றையும் மனதில் பட்டதால் எழுதுகிறேன். "கறுத்துடுவே" என்று சொல்லிப் பூசிவிடாதீர்கள். எரிச்சல் வராமல் இருக்கப் பூசுகிறோம் என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

வாங்க வசதி இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். முழுக்கைச் சட்டை, விளிம்பு அகலமான தொப்பி, ஒரு பருத்தித் துண்டு போதும். தொப்பி இல்லாதவர்களுக்குப் பள்ளியிலேயே தருகிறோம். ஒத்திகையைக் காலை 9 மணிக்குள் முடித்துவிடும்படி உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

எந்த கிரீமாவது உங்கள் பிள்ளைக்கு இதற்கு முன் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அதன் பெயரை ஒப்புதல் படிவத்தின் பின்புறம் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியை