முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குச் செல்லும் பிள்ளைகளின் மூச்சுக்காக ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். 13 வயதான என் மகளுக்கு, ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகுத்தண்டு வளைவை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை மதுரையில் நடந்தது. கம்பியும் திருகும் பொருத்திய மருத்துவர்களின் கைத்திறனில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சலும் மூச்சிரைப்பும் கண்டன. இடது நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது.

வலிக்குப் பயந்து பிள்ளை ஆழமாக மூச்சிழுக்காமலும் இருமாமலும் கிடக்கும்போது, தேங்கிய சளி மூச்சுக்குழலை அடைக்க, அதற்கு அப்பாலுள்ள நுரையீரல் சுருங்கி நிமோனியாவுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. டூஷென் போன்ற தசைநோயால் இருமும் வலுவே இல்லாத பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

படுக்கையருகே மூன்று பந்துகள் கொண்ட கருவி ஒன்று இருந்தது. வார்டில் எல்லோரும் அதை ‘ஊதுற பந்து’ என்றே சொன்னதால், என் மகளும் ஊதிக்கொண்டே இருந்தாள். காற்றை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்துகளை உயர்த்தி, சில நொடிகள் மூச்சை நிறுத்த வேண்டும் என்பதை இயன்முறை மருத்துவர் வந்து காட்டியது நான்காம் நாளில்தான். வலி மருந்து கொடுத்து, தலையணையை மார்போடு அணைத்து இருமவைத்து, உட்காரவும் நடக்கவும் பழக்கிய பிறகு மூச்சிரைப்பு மெல்லத் தணிந்தது. அந்த மூன்று நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அறுவை சிகிச்சைக்கான தேதி எங்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தேதி குறிக்கும் அன்றே நுரையீரல் திறன் பரிசோதனை செய்து, கருவியைக் கையில் கொடுத்து, வலியில்லாத நாட்களிலேயே பிள்ளையைப் பழக்குமாறு ஆணையிட வேண்டுகிறேன்.

வீடு திரும்பிய பிறகு, ஆறாத முதுகோடு பிள்ளையை மூச்சுப் பயிற்சிக்காக மதுரையின் ஆரப்பாளையம் பேருந்து நிலையம் வரை பேருந்தில் கொண்டுசெல்வது எளிதன்று. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் எங்கள் ஊர்களுக்கு வருகிறார்கள். அவர்களது பட்டியலில் இப்பிள்ளைகளின் பெயரையும் சேர்க்க வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீரோ இரத்தமோ சில நாள் கழித்தும் சேரக்கூடும் என்பதால், வேகமான மூச்சு, ஒருபக்க நெஞ்சுவலி, காய்ச்சல், உதடு நீலமாதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வரவேண்டும் என்று தமிழில் அச்சிட்ட தாள் ஒன்றை, வீட்டுக்கு அனுப்பும் நாளில் வாசித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு தாய்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.